ஹாலில் டி.வி.க்கு இடம் இருக்கு... பாட்டிக்கு?

"வைத்தியரய்யா, மூணு வாரமா நீங்க குடுத்த உளுந்து தைலத்தைத்தான் தேய்க்கிறேன். தேய்ச்ச அன்னைக்கு நல்லா இருக்கு. மறுநா சாயங்காலம் பழையபடி பிடிச்சுக்கிடுது!"

ராஜபாளையத்தில் என்னிடம் வைத்தியத்துக்கு வரும் ஓர் அம்மா இப்படிச் சொன்னபோது எனக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. நாற்பத்தைந்து வயதிருக்கும். பின்கழுத்தில் இறுக்கம், தோள்பட்டை வரை வலி. கை மரத்துப்போகவில்லை, பிடிமானமும் குறையவில்லை. எங்கள் சித்த மருத்துவத்தில் 'சகன வாதம்' என்று சொல்வோமே, அந்த அளவுக்கு முற்றவும் இல்லை. பிறகு ஏன் போக மாட்டேன் என்கிறது?

பதில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. குடும்பத்தோடு அய்யனார் கோவிலுக்குப் போய், அருவியில் குளித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அந்த அம்மாவின் வீடு வழியில்தான். "ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுத்தான் போகணும்" என்று கூப்பிட்டார்கள். உள்ளே நுழைந்து, ஹாலில் உட்கார்ந்து, தலையை நிமிர்த்தி மேலே பார்த்தேன். அங்கே இருந்தது என் நோயாளியின் கழுத்து வலி. 43 அங்குல டி.வி.!

"சித்த வைத்தியருக்கும் டி.வி. ஸ்டாண்டுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சொல்கிறேன், கேளுங்கள்.

ஷோகேஸ் செய்த வேலை

அந்த வீட்டு ஹால் 12 அடி நீளம், 10 அடி அகலம். நீளச் சுவரையொட்டி தேக்கு மரத்தில் ஒரு ஷோகேஸ். 6 அடி நீளம், 2 அடி ஆழம், நாலரை அடி உயரம். பழைய 21 அங்குல டி.வி. இருந்த காலத்தில் ஆசாரியிடம் சொல்லிச் செய்தது. அந்த டி.வி.க்குப் பின்னால் பெரிய குடுவை போலத் துருத்திக்கொண்டிருக்குமே, படக்குழாய்! அதற்காகத்தான் 2 அடி ஆழம் தேவைப்பட்டது.

புது டி.வி. வந்தது. நடுவில் இருந்த பொந்துக்குள் நுழையவில்லை. என்ன செய்தார்கள்? ஷோகேஸின் தலையில் தூக்கி வைத்துவிட்டார்கள். திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தரை அடி உயரத்துக்குப் போய்விட்டது. இந்த அம்மா சாயங்காலம் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே சீரியல் பார்ப்பவர். தரையில் உட்கார்ந்தால் கண் இருக்கும் உயரம் ஏறக்குறைய இரண்டரை அடி. அதாவது 3 அடி மேலே பார்க்க வேண்டும், தினம் இரண்டு மணி நேரம்! கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதுபோல. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவில் கோபுரத்தைக்கூட நாம் ஐந்து நிமிஷம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கழுத்தைத் தடவிக்கொள்கிறோம் இல்லையா?

தைலம் என்ன செய்யும், பாவம்! காலையில் அது இளக்கியதைச் சாயங்காலம் டி.வி. இறுக்கிவிடுகிறது.

நான் இன்னொன்றையும் கவனித்தேன். அந்த அம்மாவின் மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது. மூட்டு வலிக்கு அவரும் என் நோயாளிதான். "பெரியம்மா எங்கே?" என்று கேட்டேன். அடுப்படிக்குப் போகும் நடையில் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தார். காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை. "ஹால்ல இடம் இல்லய்யா. அதான்..." என்று மருமகள் இழுத்தார். பெரியவரோ, "எனக்கு என்னய்யா, கெடக்கேன். ராத்திரி ஒண்ணுக்குப் போகையில அந்த அலமாரி முனைதான் முட்டில இடிக்குது" என்று சிரித்தார்.

ஷோகேஸ் அடைத்த இடம் 12 சதுர அடி. மொத்த ஹாலே 120 சதுர அடி. பத்தில் ஒரு பங்கு! ஒற்றைக் கட்டில் பிடிக்கும் இடம் 15 சதுர அடி. கணக்கு புரிகிறதா? டி.வி. இளைத்துவிட்டது. ஆனால் அது குண்டாக இருந்தபோது நாம் தைத்துக் கொடுத்த சட்டை மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை.

முதலில் கயிறு, பிறகு கடை

புது டி.வி. வாங்கப்போகும் வீடானாலும், இருப்பதை மாற்றி வைக்கப்போகும் வீடானாலும் முதலில் எடுக்க வேண்டியது அளவு நாடா. இல்லையென்றால் ஒரு கயிறு போதும்.

தூரம்: இன்றைய தட்டையான டி.வி.க்குத் திரையின் மூலைவிட்ட அளவைப்போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டரை மடங்கு தூரத்தில் உட்காரலாம். 32 அங்குலத்துக்கு 4 முதல் ஆறரை அடி. 43 அங்குலத்துக்கு ஐந்தரை முதல் 9 அடி. உங்கள் ஹாலில் உட்காரும் இடத்துக்கும் சுவருக்கும் இடையே 5 அடிதான் என்றால் 32 அங்குலமே தாராளம். பக்கத்து வீட்டில் 55 வாங்கினார்கள் என்பதற்காக நம் வீட்டுச் சுவர் நகராது!

உயரம்: திரையின் நடுப்பகுதி, உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு நேராகவோ கொஞ்சம் கீழேயோ இருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தால் கண் ஏறக்குறைய மூன்றே முக்கால் அடியில் இருக்கும். தரையில் உட்கார்ந்தால் இரண்டரை அடி. நம் வீடுகளில் இரண்டு வகையினரும் இருப்பார்கள். அதனால் நடுப்பகுதி 3 அடியிலிருந்து மூன்றரை அடிக்குள் இருந்தால் எல்லாருக்கும் சரி. கதவு நிலைக்கு மேலே பலகை அடித்து வைப்பது, பரணுக்குப் பக்கத்தில் மாட்டுவது எல்லாம் இடத்தை மிச்சப்படுத்தும், கழுத்தைச் செலவழிக்கும்.

வெளிச்சம்: ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினால் திரையில் ஜன்னல்தான் தெரியும். ஜன்னல் இருக்கும் சுவரிலேயே மாட்டினால் கண் கூசும். ஜன்னல் பக்கவாட்டில் வருகிற சுவரே நல்லது. ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் பார்க்காதீர்கள். ஒரு சின்ன விளக்காவது எரியட்டும்.

இடத்தைப் பிடிக்காமல் வைக்க நான்கு வழி

1. சுவரில் மாட்டுவது. 32 அங்குலமோ 43 அங்குலமோ, சுவரிலிருந்து சில அங்குலம்தான் வெளியே நிற்கும். தரையில் ஓர் அடிகூடப் பிடிக்காது. ஆனால் சுவர் எப்படி என்று பார்க்க வேண்டும். செங்கல் சுவர், கான்கிரீட் என்றால் பயமில்லை. வெறும் பிளைவுட் தடுப்பு, உள்ளே பொள்ளலான கல் வைத்த சுவர் என்றால் கொத்தனாரைக் கேட்காமல் துளை போடாதீர்கள். ஓதம் காத்த சுவர் ஆகவே ஆகாது. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடக் கூடாது. உள்ளே ஒயர் குழாய் ஓடும். ரசமட்டம் வைத்துப் பார்த்து மாட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஆயுசுக்கும் செய்தி வாசிப்பவர் சாய்ந்தே உட்கார்ந்திருப்பார்.

2. மடங்கி நீளும் கை உள்ள மாட்டி. ஹாலும் சாப்பிடும் இடமும் ஒன்றுக்கொன்று கோணத்தில் இருக்கும் வீட்டுக்கு ஏற்றது. இரண்டு பக்கமும் திருப்பிக்கொள்ளலாம். இரண்டாவது டி.வி. வாங்கும் செலவு மிச்சம். படுக்கை அறையும் தப்பித்தது!

3. மூலை ஸ்டாண்டு. வாடகை வீடு, சுவரில் துளை போட்டால் வீட்டுக்காரர் முறைப்பார் என்றால் இதுதான் வழி. நடமாட்டம் இல்லாத மூலையாகப் பாருங்கள். டி.வி.யைப் பின்பக்கம் ஒரு பட்டையால் ஸ்டாண்டோடும், ஸ்டாண்டை எல் ஆங்கிளால் சுவரோடும் கட்டிவிடுங்கள். இதற்கு ஒரு சின்ன துளைதான் வேண்டும். வீட்டுக்காரரிடம் கேட்டால் மறுக்க மாட்டார்.

4. சுவரில் டி.வி., அதன் கீழே 8 அங்குல ஆழத்தில் ஒரு பலகை. செட்-டாப் பாக்ஸ், ரிமோட், தட்டு ஓட்டும் பிளேயர் எல்லாவற்றுக்கும் இது போதும். பலகைக்குக் கீழே தரை காலியாக இருக்கும். பெருக்கித் துடைக்கலாம். தூசி சேராத வீட்டில் தும்மலும் இளைப்பும் குறையும். இது என் துறைப் பேச்சு!

எந்த வழியானாலும் டி.வி.யைச் சுற்றி நாலு அங்குலமாவது காற்றோட்டம் வேண்டும். ஓடும்போது மேலே துணி போர்த்தக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் மலைப்பக்கம் இடி முழங்க ஆரம்பித்தால் மின்சாரப் பிளக்கையும் கேபிளையும் இரண்டையுமே கழற்றிவிடுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இன்னும் பல வீடுகளில் பழைய படக்குழாய் டி.வி. இருக்கிறது. 2006-ல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி எத்தனையோ வீடுகளின் முதல் டி.வி. இந்தப் பழைய பெட்டிகளுக்குக் கண்ணாடியின் கனம் முழுக்க முன்பக்கம்தான். 21 அங்குலப் பெட்டி 20 கிலோவுக்கு மேல் இருக்கும். நடை பழகும் குழந்தை ஸ்டாண்டின் இழுப்பறையைத் திறந்து, அதன் மேல் ஏறினால் பெட்டி முன்னால் சாய்ந்துவிடும். தட்டை டி.வி.யும் சாயும், ஆள் தொட்டாலே ஆடும். குழந்தைக்குப் பிடித்த பொம்மை, ரிமோட், பிஸ்கெட் டப்பா எதையும் டி.வி.க்கு மேலோ பின்னாலோ வைக்காதீர்கள். எடுக்க ஏறும்.

தட்டுகள் எங்கே போவது?

அந்த வீட்டு ஷோகேஸை எடுக்கலாம் என்று நான் சொன்னதும் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி: "அப்ப இந்த சி.டி.யெல்லாம் எங்கய்யா வைக்கிறது?"

எண்ணிப் பார்த்தோம். 140 தட்டுகள்! பழைய படப் பாட்டு, பக்திப் பாடல், பையனின் கம்ப்யூட்டர் பாடம், கல்யாண வீடியோ, காதுகுத்து வீடியோ. பாதி கண்ணாடி டப்பாவில், பாதி உறை இல்லாமல்.

இதற்கும் கணக்கு இருக்கிறது. தட்டின் கனம் 1.2 மில்லிமீட்டர்தான். நாம் இடம் ஒதுக்குவது தட்டுக்கு இல்லை, டப்பாவுக்கு! சாதாரண சி.டி. டப்பா 10 மில்லிமீட்டர். 100 டப்பாவை அடுக்கினால் ஒரு மீட்டர். டி.வி.டி. டப்பா 14 மில்லிமீட்டர். 100 டப்பா என்றால் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர். அதே 100 தட்டை ஜிப் வைத்த உறை ஆல்பத்தில் போட்டால் ஒரு தடித்த புத்தகம் அளவுதான். புடவை பீரோவின் ஓரத்தில் நின்றுகொள்ளும்.

முதலில் மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

கடையில் வாங்கியது, இனி கேட்கப்போவதில்லை: யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

கடையில் வாங்கியது, ஆசையாகக் கேட்பது: ஆல்பத்தில் போடுங்கள். அட்டைப் படத்தையும் மடித்து அதே உறையில் வைக்கலாம்.

நம் வீட்டு விசேஷம், வேறெங்கும் கிடைக்காதது: இதற்கு மட்டும் தனி டப்பா. புத்தகம்போல நிமிர்த்தி வையுங்கள்.

தட்டுக்கு ஆகாதவை வெயில், சூடு, ஓதம். செட்-டாப் பாக்ஸின் மேலே வைப்பதும் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரணில் போடுவதும் கூடாது. பாச்சை உருண்டை வேண்டாம். அதன் ஆவி டப்பாவின் பிளாஸ்டிக்குக்கு ஆகாது. அட்டைப் படத்தைப் பூச்சி அரிக்கிறது என்றால் வசம்புத் துண்டு ஒன்றைத் துணியில் முடிந்து அலமாரி மூலையில் வையுங்கள். ஏட்டுச் சுவடிக்கு நம் பெரியவர்கள் வைத்த காவல் அது.

தட்டைத் துடைக்கும்போது வட்டமாகத் தேய்க்காதீர்கள். பழைய வேட்டித் துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். சி.டி.யில் எழுத்து இருக்கும் மேல் பக்கம்தான் ரொம்ப மென்மை. படமும் பாட்டும் பதிந்திருப்பது அந்தப் பூச்சுக்குச் சற்றுக் கீழேதான். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் அத்தோடு போச்சு. ஸ்டிக்கரும் ஒட்ட வேண்டாம். உறையின் மேல் எழுதுங்கள்.

தாத்தாவின் குரல்

அந்தத் தட்டுகளில் ஒன்றின் உறையில் மங்கலாக எழுதியிருந்தது: 'அய்யனார் கோவில், முடியெடுப்பு'. இப்போது கல்லூரியில் படிக்கும் பையனுக்கு முதல் முடி இறக்கியது. வீட்டுப் பெரியவர், அதாவது நடையில் படுத்திருந்த அம்மாவின் கணவர், போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது.

பழைய பிளேயரை எடுத்துத் தூசி தட்டிப் போட்டுப் பார்த்தோம். மூன்று நிமிஷம் கட்டம் கட்டமாக உடைந்தது. பிறகு ஓடியது. மலை, மரம், அருவி விழும் சத்தம். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெரியவர் யாரையோ அதட்டுகிறார்: "ஏலேய், பிள்ளைய வெயில்ல வைக்காதீங்கடா!"

நடையிலிருந்து கட்டில் நகரும் சத்தம் கேட்டது. அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு வந்து நின்றார். யாரும் பேசவில்லை. எங்கள் மருத்துவத்தில் அடக்கக் கூடாத வேகங்கள் என்று பதினான்கைச் சொல்வோம். பசி, தூக்கம், சிறுநீர் என்று போகும் அந்த வரிசையில் கண்ணீரும் ஒன்று. நான் அவர்களை அடக்கச் சொல்லவில்லை.

அந்த வீட்டுக்கு நல்ல நேரம் இருந்தது. எனக்கு இல்லை. என் அப்பா பேசிய ஒரே வீடியோ தட்டை நான் பல வருஷம் செட்-டாப் பாக்ஸுக்கு மேலே வைத்திருந்தேன். 'பத்திரமாக' என்று நினைத்து! ஒருநாள் எடுத்துப் பார்த்தால் பூச்சு பொரிந்திருந்தது. எந்தக் கடையிலும் எடுக்க முடியவில்லை. தப்பு என்னுடையதுதான்.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தபோது எங்களுக்குச் சொல்லித் தந்த ஒன்றை நான் அப்போது மறந்திருந்தேன். சித்தர்கள் நூல்கள் நம் கைக்கு வந்தது ஓலை நீடித்ததால் இல்லை. ஓலை செல்லரிக்கும் முன்பு, ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து புது ஓலையில் பெயர்த்து எழுதினார்கள். தட்டும் ஓர் ஓலைதான். பெயர்த்து எழுதாவிட்டால் போய்விடும்.

ஆகவே மூன்றாவது குவியலை இந்த வாரமே கணினியில் ஏற்றுங்கள். வீட்டுக் கணினியில் தட்டு போடும் வழி இல்லையென்றால், வெளியே பொருத்தும் டிரைவ் கிடைக்கிறது. ஸ்டுடியோவில் கொடுத்தும் மாற்றலாம். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று உங்களிடம், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் தங்கச்சி வீட்டிலோ மகன் வீட்டிலோ இருக்கட்டும். பென் டிரைவும் சாசுவதம் இல்லை. சில வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, புதிதில் மாற்றிக்கொள்ளுங்கள். தாய்த் தட்டைத் தூக்கிப் போட வேண்டாம்.

பார்ப்பவர்களுக்கு நாலு வார்த்தை

டி.வி.யைச் சரியாக மாட்டியாயிற்று என்பதற்காக நாள் முழுக்கப் பார்க்கலாம் என்று அர்த்தம் இல்லை. 20 நிமிஷத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் இருக்கும் எதையாவது 20 விநாடி பாருங்கள். வாசல் வேப்பமரம் போதும். கண் எரிகிறது என்று எந்த இலைச் சாற்றையும் கண்ணில் பிழியாதீர்கள். பொன்னாங்கண்ணியைக் கூட்டு வைத்துச் சாப்பிடுங்கள்.

ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. விளம்பரம் வரட்டும் என்று சிறுநீரையும் தூக்கத்தையும் அடக்கும் பழக்கம் பெரியவர்களுக்கு உண்டு. அதையும் விடுங்கள். கழுத்து வலியோடு கை மரத்தாலோ பிடி தளர்ந்தாலோ தைலத்தோடு நிற்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

இப்போது அந்த வீடு எப்படி இருக்கிறது தெரியுமா? ஷோகேஸ் விலைக்குப் போய்விட்டது. டி.வி. சுவரில், நடுப்பகுதி மூன்றரை அடியில். கீழே ஒரே ஒரு பலகை. தட்டுகளில் 60 வெளியே போய்விட்டன. மற்றவை ஓர் ஆல்பத்திலும் ஒரு சின்ன டப்பாவிலும் அடங்கிவிட்டன. ஜன்னல் ஓரம் பெரியம்மாவின் கட்டில் வந்துவிட்டது. மருமகளுக்குக் கழுத்து வலி ஒரு மாதத்தில் குறைந்தது. "தைலம் இப்பத்தான் கேக்குது வைத்தியரய்யா" என்கிறார்!

ஊருக்கு மேற்கே, சாம்பல் நிற அணில்கள் வாழும் காட்டோரம் இருக்கும் அந்த அய்யனாருக்கு நீர் காத்த அய்யனார் என்று பெயர். அடுத்த மழைக்குப் பிறகு, வனத்துறை அனுமதிக்கும் நாளாகப் பார்த்து, பாட்டியையும் கூட்டிக்கொண்டு அப்படி ஓர் இடத்துக்குப் போய் வாருங்கள். 20 அடி என்ன, கண்ணுக்கு எட்டும் தூரம் வரை பச்சைதான். ஆனால் அதற்கு முன்னால், இந்த இதழை மூடி வைத்ததும் அளவு நாடாவை எடுங்கள். உங்கள் ஹாலில் டி.வி.க்கு எத்தனை அடி, பாட்டிக்கு எத்தனை அடி என்று ஒருமுறை அளந்து பாருங்களேன்!